நான் பிரெஞ்சு படித்த மர ஸ்டேடியம்

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். இங்கே கியூபெக்கில், வில்லரே என்ற பேட்டையில் நாங்கள் இருக்கும் வீடு பழையது. குசினியில் கேத்திலையும் மைக்ரோவேவையும் ஒரே நேரத்தில் போட்டால் வீடு முழுக்க இருண்டு போகும். இவர் ஒவ்வொரு முறையும் டோர்ச்சைத் தேடிக்கொண்டு கீழே இறங்குவார். கடைசியில் நான்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

இவர் என்றால் என் கணவர். பெயர் குணநாதன். இத்தனை வருடமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுதும்போது மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

வந்தவர் அல்ஜீரியாக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும், நல்ல மரியாதையான மனிதர். சுவரில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு குசினியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மதாம், த்ருவாசியேம் ப்ரீஸ் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார். மூன்றாவது பிளக் எங்கே என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை அறியாமலே பெருவிரலைத் தூக்கி, "ரெத்திரே!" என்று கத்திவிட்டேன். அந்த மனிதர் ஒரு அடி பின்னுக்குப் போனார். எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

விஷயம் இதுதான். ப்ரீஸ் என்றால் இந்த ஊரில் சுவரில் இருக்கும் பிளக். ஆனால் பேஸ்போல் விளையாட்டில், அடிக்க வேண்டிய பந்தை ஆட்டக்காரர் அடிக்காமல் தவறவிட்டால் அதற்கும் பெயர் ப்ரீஸ். மூன்றாவது ப்ரீஸ் விழுந்தால் ஆள் 'ரெத்திரே', அதாவது அவுட். நான் முதலில் படித்தது இரண்டாவது அர்த்தத்தைத்தான். பிளக் பிறகு வந்தது.

அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் முழுக்க முழுக்க மரத்தால் கட்டிய ஒரு பேஸ்போல் ஸ்டேடியம் இருந்தது என்று சொன்னேன். எந்த இடம் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த இடத்தில் இருக்கும் கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், தன் மகளைக் காலையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தாராம்.

அவர் போனபின் யோசித்தேன். அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் வரவரக் குறைந்து போகிறோம். ஊரில் இருக்கும் உங்களுக்குப் பேஸ்போல் தெரியாது. பரவாயில்லை. கிரிக்கெட்டின் பெரியம்மா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகச்சாயல் இருக்கும், பழக்கவழக்கம் வேறு.

2

நாங்கள் வந்த புதிதில் பார்க்-எக்ஸ்டென்ஷன் என்ற பேட்டையில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் போகிற வருகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். எனக்கு வயது இருபத்து மூன்று. இவருக்கு டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. அகதி விண்ணப்பம் போட்டிருந்தோம். பதில் வரவில்லை.

இவர் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் விளையாடியவர். ஸ்லிப்பில் நின்று பந்து பிடிப்பதில் பேர் போனவர். என்னைப் பெண் பார்க்க வந்தபோதே தேநீரை மறந்து ஏதோ ஒரு மேட்ச் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அப்படிப்பட்டவர் இங்கே வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைக் குறைத்தார். பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்.

ஒருநாள் நான் அழுதுகொண்டே கேட்டேன். "என்னோடை ஏதும் கோவமோ?"

"இல்லை வதனி. நான் எங்கடை கதையை லோயருக்குச் சொன்னன். பேந்து மொழிபெயர்க்கிற ஆளுக்குச் சொன்னன். பேந்து ஒஃபிசருக்குச் சொன்னன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்ல வேணும், ஒரு சொல்லு மாறினாலும் பிழையாப் போகும் எண்டினம். இப்ப வாயைத் திறக்கவே பயமாக் கிடக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சோறும் கறியும் வைத்துக் கொடுப்பேன். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார், படுப்பார். அவ்வளவுதான்.

மேல்வீட்டில் ஜினெட் என்று ஒரு அம்மா இருந்தார். கியூபெக்காரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். படியில் என்னைக் காணும்போதெல்லாம் ஏதோ சொல்லுவார். எனக்கு ஒன்றும் விளங்காது, சிரிப்பேன். ஒரு மே மாதச் சனிக்கிழமை என் கையைப் பிடித்து, ஒரு ஏப்ரனை என் கழுத்தில் மாட்டி, தெருவால் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ சமையல் உதவி கேட்கிறார் என்று மட்டும் விளங்கியது. இவருக்குச் சொல்லாமலே போய்விட்டேன்.

அப்படித்தான் நான் அந்த ஸ்டேடியத்துக்குள் முதன்முதல் நுழைந்தேன். பின்வாசலால், வெங்காய மூட்டையோடு.

3

பெரிய அணிகள் விளையாடும் இடம் இல்லை அது. அக்கம்பக்கத்துப் பேட்டைகளின் அணிகள், தொழிற்சாலை அணிகள் விளையாடும் இடம். ஆனால் கட்டியவன் ஆசையோடு கட்டியிருந்தான். படி படியாக உயர்ந்து போகும் பலகை இருக்கைகள், அதற்கு மேலே ஒரு மரக்கூரை, கூரையின் நெற்றியில் கூடு மாதிரி ஒரு சின்ன அறை. எல்லாவற்றுக்கும் பச்சை நிறம் அடித்து, அது உரிந்து, அதற்கு மேல் வேறொரு பச்சை அடித்திருந்தது. மழை பெய்து வெயில் எறித்தால் பலகையிலிருந்து ஒரு வாசம் வரும். நனைந்த தேயிலைப் பெட்டி மாதிரி. பெண்கள் வீட்டிலிருந்து குஷன் கொண்டு வருவார்கள். கொண்டு வராதவர்கள் மரச் சிலாகை குத்தித் திடுக்கிட்டு எழும்புவார்கள்.

என்னுடைய இடம் அந்தப் படிகளுக்கு அடியில் இருந்த கன்டீன். பாணுக்குள் சொசேஜ் வைத்த ஹொட்டோக்கும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்போம். சைவக் குடும்பத்தில் பிறந்த நான் இடுக்கியால் சொசேஜைத் தூக்கி வைத்த அழகை எங்கள் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எனக்கு இறைச்சிப் பக்கம் வேண்டாம் என்று சைகையால் ஜினெட்டுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டு, தானும் சின்ன வயதில் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாமல் வளர்ந்தவள் என்று காட்டினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு என் பொறுப்பு.

கன்டீன் ஜன்னலால் பார்த்தால் மைதானத்தில் ஒரு துண்டுதான் தெரியும். மிச்சம் எல்லாம் சத்தம். பந்து மட்டையில் படும் சத்தம். தலைக்கு மேலே சனம் காலால் பலகையை மிதிக்கும் சத்தம். நல்ல ஆட்டம் என்றால் ஆயிரம் மாடு ஓடுவது போல இருக்கும். தூசி பறந்து பொரியலில் விழும். அப்போது ஜினெட் உருளைக்கிழங்குக்கு மேல் தன் உடம்பால் குடை பிடிப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஃபெர்னானின் குரல். கூரையில் இருந்த கூட்டில் மைக்கோடு இருந்தவர் அவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் தரிப்பிடங்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இறக்கி, ஏற்றிப் பேசுவார். ப்ரீஸ் என்று அவர் சொன்னதும் மேலே ஒரு பெருமூச்சு எழும்பும். ரெத்திரே என்றால் ஆள் தலையைக் குனிந்து நடப்பது ஜன்னலால் தெரியும். ஓடி வந்தவர் அவுட் ஆகாமல் தப்பிவிட்டால் அம்பயர் இரண்டு கையையும் அகல விரிப்பார். ஃபெர்னான் 'ஸோஃப்' என்பார். ஸோஃப் என்றால் தப்பியாச்சு, பயமில்லை.

வகுப்புக்குப் போகாமல், புத்தகம் தொடாமல், வெங்காயம் வெட்டிக்கொண்டே நான் பிரெஞ்சு படித்தேன். முதல் கோடை முடியும்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி பேஸ்போல், மற்றப் பாதி உருளைக்கிழங்கு.

4

இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். ஆட்டம் முடியவில்லை. ஜினெட் அவரைப் பிடித்துக் கையில் ஒரு பொரியல் பொட்டலத்தைக் கொடுத்து மேலே போய் இருக்கச் சொன்னார். இவர் போய்க் கடைசி வரிசையில் கூனிக்கொண்டு இருந்தார்.

நடந்ததை நான் கண்ணால் காணவில்லை. பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, பார்த்தது போலவே ஆகிவிட்டது. அடித்தவனின் மட்டையில் பந்து விளிம்பில் பட்டு, பின்பக்கம் சனத்துக்குள் சீறிக்கொண்டு வந்திருக்கிறது. பேஸ்போல் பந்து கல்லு மாதிரி. சனம் எல்லாம் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தது. இவருக்கு முன்வரிசையில் வயதான ஒரு சோடி. அந்த அம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்ததால் பந்தைக் கவனிக்கவில்லை. இவர் எழும்பி, பொரியலை விட்டுவிட்டு, அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் இரண்டு வெறுங்கையையும் நீட்டி, பந்தை வாங்கி, நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். ஸ்லிப்பில் நின்றவனுக்கு விளிம்பில் பட்டு வரும் பந்து புதிதா?

எனக்குக் கேட்டது என்னவென்றால், முதலில் ஒரு சத்தமும் இல்லாத ஒரு கணம். பிறகு தலைக்கு மேலே அத்தனை பலகையும் இடி இடித்தது. ஜினெட் பொரியலுக்குக் குடை பிடிக்கவும் மறந்து வெளியே ஓடினார்.

இங்கே அப்படி வந்த பந்தைப் பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டு போகலாம். அதுதான் வழக்கம். இவருக்கு அது தெரியாது. மரியாதையாகப் படி இறங்கிப் போய், வேலிக்கு மேலால் பந்தை நீட்டி, "சொரி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதைக் கண்டு சனம் இன்னும் கூத்தாடியது. ஃபெர்னான் மைக்கில் என்னவோ சொன்னார். பிறகுதான் தெரியும், "கையுறை போட்ட எங்கள் ஆட்களே, கொஞ்சம் பார்த்துப் படியுங்கள்" என்று சொன்னாராம்.

இவர் கன்டீன் ஜன்னலுக்கு வந்து நின்றார். இரண்டு உள்ளங்கையும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்து கிடந்தது. நான் ஒரு துணியில் ஐஸ் கட்டிக் கொடுத்தேன்.

"நோகுதோ?"

"நோகுது."

"பேந்து ஏன் சிரிக்கிறியள்?"

"தெரியேல்லை" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். பிறகு, "வதனி, பந்து திரும்பி வந்த கோணத்தைக் கண்டனியோ? லேற் கட் அடிச்சது மாதிரி வந்தது. நான் இடது காலை இப்பிடி வைச்சு..." என்று தொடங்கினார்.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். சொசேஜ் கருகியது. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. மாதக் கணக்காக வாய் திறக்காத மனிதர் நிறுத்தாமல் கதைக்கிறார். ஜினெட் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இடுக்கியைத் தானே எடுத்துக்கொண்டார்.

5

அந்தப் பேட்டை அணியின் பயிற்சியாளர் ஒரு ரொட்டிக் கடைக்காரர். ஆட்டம் முடிந்ததும் வந்து இவரை விளையாடக் கூப்பிட்டார். அடுத்த கிழமையே இவர் மைதானத்தின் தூரத்து மூலையில், உயரப் போகும் பந்தைப் பிடிக்கும் இடத்தில் நின்றார். கையுறை கொடுத்தால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையாலேயே பிடிப்பார். ரொட்டிக் கடைக்காரர் கெஞ்சி மன்றாடித்தான் போட வைத்தார்.

மட்டை பிடித்ததுதான் பெரிய பம்பல், ஒரே சிரிப்பு. முதல் தடவை பந்து சரியாகப் பட்டுவிட்டது. பேஸ்போலில் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். இவர் மட்டையோடு ஓடினார். சனம் முழுக்க எழும்பி, "மட்டையைப் போடு, மட்டையைப் போடு" என்று கத்தியது. தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இவர் இன்னும் வேகமாக ஓடி, தொட வேண்டிய இடத்தை நெருங்கியதும் குனிந்து, மட்டையை நீட்டி நிலத்தில் இழுத்து வைத்தார். கிரிக்கெட்டில் வைப்பது போலவே.

எதிரணிக்காரன் சிரிப்பில் பந்தை நழுவவிட்டான். அம்பயர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். மட்டையோடு ஓடக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லையாம். கடைசியில் இரண்டு கையையும் விரித்தார்.

மேலேயிருந்து ஃபெர்னான் சொன்னது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கியது. "சீமான்களே, சீமாட்டிகளே, இந்த ஐயாவின் நாட்டில் மட்டை விலை கூட. யாரிடமும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்."

இவர் பெரிய ஆட்டக்காரராக வந்தார் என்று நினைக்காதேங்கோ. சாதாரணமாகத்தான் விளையாடினார். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அன்றைய ஒவ்வொரு பந்தையும் எனக்குச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொல்லுவார். ஒரு சொல்லு மாறினாலும் யாரும் பிழை பிடிக்க மாட்டார்கள்.

6

இனி நான் படித்த பிரெஞ்சு எங்களைக் கவிழ்க்கப் பார்த்த கதை.

டவுன்டவுனில் ஒரு அலுவலகத்துக்கு இரண்டு பேரும் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் விண்ணப்பம் சம்பந்தமான ஏதோ ஒரு பதிவு. நான் வீட்டிலிருந்து போனேன். இவர் வேலையிலிருந்து நேரே வருவதாக ஏற்பாடு. மெட்ரோ இடையில் நின்றுவிட்டது போல. எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அலுவலர் என் கணவர் எங்கே என்று கேட்டார். அவர் வெளியில் நிற்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அவுட். அவுட்டுக்குப் பிரெஞ்சு எனக்கு நன்றாகத் தெரியுமே! மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நானே பதில் சொல்லப் போகிறேன் என்ற சந்தோஷமும் புளுகமும் வேறு. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "என் கணவர் ரெத்திரே."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ரெத்திரே?"

"ஓம், ஓம். ரெத்திரே."

"முழுமையாகவா?"

முழுமை என்ற சொல் எனக்குப் பிடித்தது. "முழுமையாக" என்றேன்.

"எப்போதிலிருந்து?"

"இன்று காலையிலிருந்து."

அவர் முகம் மாறியது. எழும்பி உள்ளே போனார். வயதான ஒரு பெண் அதிகாரியோடு திரும்பி வந்தார். அந்த அம்மா ரெலிபோனில் யாரையோ கூப்பிட்டு, ரிசீவரை என்னிடம் தந்தார். மறுமுனையில் தமிழ்க் குரல், மொழிபெயர்ப்பாளர்.

"தங்கச்சி, உங்கடை மனுசன் அகதி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டாரோ?"

"என்ன?"

"ரெத்திரே எண்டு நீங்கள்தானாம் சொன்னியள். வாபஸ் வாங்கினது எண்டுதான் அவை விளங்கியிருக்கினம். முழுசாவும் எண்டு வேறை சொல்லியிருக்கிறியள்."

"ஐயோ இல்லை அண்ணை! அவர் வெளியிலை நிக்கிறார்! அவுட்! வெளியிலை!" என்று கத்தினேன். முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இவர் மூச்சு வாங்க ஓடி உள்ளே வந்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அலுவலகத்துக்குள் வந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற மனிதர் கண்ணாடிக்கு நேரே போய் நின்றார். யாருடைய உதவியும் கேட்கவில்லை. "நோ, நோ. ரெத்திரே இல்லை" என்றார். பிறகு இரண்டு கையையும் அம்பயர் மாதிரி அகல விரித்து, "ஸோஃப். நான், ஸோஃப்" என்றார்.

இளம் அலுவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் அதிகாரி ரெலிபோனை வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பிரெஞ்சை எங்கே படித்தீர்கள்?" என்று ஆறுதலாகக் கேட்டார். ரயில் பாதைக்குப் பக்கத்தில், மர ஸ்டேடியத்தில், ஹொட்டோக் விற்கிற இடத்தில் என்று நான் சொன்னேன். கண்ணீரோடு அந்த வசனத்தில் ஒரு பிழையும் விடாமல் சொன்னேன் என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் தகப்பனார் தன்னைத் தோளில் வைத்து அங்கே கூட்டிப் போவாராம். "சரி" என்றார், "அப்படியானால் ஸோஃப்." எங்கள் பத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மற்றவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வசந்தத்தில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். விசாரணையில் இவர் தன் கதையைத் தடங்கல் இல்லாமல் சொன்னாராம். எப்படி என்று கேட்டேன். "முன்னாலை இருந்தவர் அம்பயர் எண்டு நினைச்சுக்கொண்டன். அம்பயருக்குப் பயந்து ஆரேன் விளையாடாமல் விட்டிருக்கினமோ?" என்றார்.

7

மகள் ஆரணி பிறந்தபின்னும் நான் கன்டீனுக்குப் போனேன். பாண் வந்த வெறும் பெட்டிக்குள் துணி விரித்து மேசைக்கடியில் கிடத்துவேன். தலைக்கு மேலே சனம் இடி இடிக்க அவள் நித்திரை கொள்ளுவாள். வீட்டில் சத்தமில்லாத இடத்தில் படுக்க வைத்தால்தான் அழுவாள்.

அவள் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம், அதிகாரிகள் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்தார்கள். மரம் உள்ளே உக்கி உளுத்துப் போயிருந்தது. அந்தப் பருவத்தோடு மூடுவதென்று முடிவானது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. சனத்துக்கும் தெரியும். கடைசி வருடங்களில் நல்ல அடி விழுந்தாலும் பலகையை மிதிக்கவே யோசித்தார்கள்.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். எங்கள் அணி தோற்றது. சனம் எழும்பவில்லை. ஃபெர்னான் ஏதாவது பெரிதாகச் சொல்லுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நான் இடுக்கியை வைத்துவிட்டு, ஆரணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். மைக்கில் கரகரப்புக் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"போகும்போது பார்த்து இறங்குங்கள்" என்றார். "இடது பக்கம் மூன்றாவது படி ஆடுகிறது."

அவ்வளவுதான். மைக்கை நிறுத்திவிட்டார். ஒவ்வொருவரும் அந்தப் படியில் கவனமாகக் கால் வைத்து, பின்னால் வருபவருக்குக் கை கொடுத்து இறங்கினார்கள். கம்பளி பின்னும் அம்மாவை இவர்தான் பிடித்து இறக்கினார்.

அடுத்த வருடம் பனி உருகியதும் இடிக்கிற மெஷின் வந்தது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். இரண்டு நாளில் முடிந்தது. ஜினெட் அழுவார் என்று நினைத்தேன். "என் முழங்காலுக்கு இனி லீவு" என்று சொல்லி என் கையைத் தட்டினார். பிறகு வடக்கே தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ரெலிபோன் எடுப்பார். கடைசி முறை எடுத்தபோதும் உருளைக்கிழங்கை இன்னும் மெல்லிசாக வெட்டுகிறாயா என்று கேட்டார்.

கவலை இல்லையா என்றால் இருக்கிறது. மழை விட்டு வெயில் எறிக்கும் நாட்களில் அந்தத் தெருவால் போனால் மூக்கு தன்பாட்டில் அந்த வாசத்தைத் தேடும். கார் புகையும் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் வாசமும்தான் வரும். ஆனால் அந்த இடத்தில் எழும்பிய மாடி வீடுகளில் இப்போது குடும்பங்கள் இருக்கின்றன, பல்கனியில் தக்காளி வைத்திருக்கிறார்கள், கார்தெரிப் பிள்ளைகள் கயிறு பிடித்து வரிசையாகப் போகிறார்கள். அந்த ஸ்டேடியம் எங்களுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டுத்தான் போனது.

சில வருடங்களுக்கு முன் இவர் யாழ்ப்பாணம் போய்த் தன் கல்லூரி மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அது இருக்கிறது. புது ஸ்கோர் போர்ட், புதுப் புல். ஸ்லிப்பில் நின்ற இடத்தில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "வடிவா இருந்தது. ஆனா அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். இருக்கிற மைதானத்தில் ஆளைத் தெரியவில்லை. ஆளைத் தெரிந்த மைதானம் இல்லை. அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து பனங்கட்டியை எடுத்து வைத்தார்.

8

ஆரணி இப்போது எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிறாள். அங்கே பல்கலைக்கழகத்தின் விவசாயப் பண்ணையில் மண்ணைப் பரிசோதிக்கும் வேலை. கணவன் மத்தியூ கியூபெக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை. புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவார் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருந்தது. ஆரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். வயிற்றுவலி என்பாள். கொஞ்ச நாள் அவளோடு வாதாடினேன். பிறகு விட்டுவிட்டேன். அவளுக்குத் தமிழ் விளங்கும், எனக்குப் பிரெஞ்சு விளங்கும். ஆளுக்கொரு கரையில் நின்று கதைப்பது போல வருடங்கள் போயின. அதுவும் ஒரு கதைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை எங்களை வரச் சொன்னாள். மத்தியூவின் வேலையிடத்து ஆட்கள் பேஸ்போல் விளையாடுகிறார்களாம். ஊர் மைதானம், உட்கார நாலு வரிசை அலுமினிய வாங்கு. இவர் போனதும் போகாததுமாக வேலியைப் பிடித்துக்கொண்டு அம்பயருக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார். நானும் ஆரணியும் மேல் வரிசையில் இருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தரமாக இருந்தது. அத்தனை வருடமும் ஜன்னல் துண்டால் பார்த்த நான், ஒரு முழு மைதானத்தை உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மத்தியூ அடிக்க வந்தார். பந்து போனது, அம்பயர் கத்தினார்.

"அம்மா" என்றாள் ஆரணி. "அவர் ஏன்... ஏன் அடிக்கயில்லை?"

தமிழில் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"பிள்ளைக்கு" என்றாள், வயிற்றைக் காட்டி. "நான் கதைச்சாத்தான் அதுக்கு வரும். நான்... பழகிறன். சிரிக்கவேண்டாம்."

"நான் சிரிக்கேல்லை" என்றேன்.

அவளுக்குப் பதில் சொல்லப் போனால் வேடிக்கை. எனக்குப் பேஸ்போல் தமிழில் வரவில்லை! அந்த விளையாட்டை நான் தமிழில் அறிந்ததே இல்லை. ப்ரீஸ் என்றும், ரெத்திரே என்றும், யார் ஓடுகிறார், எங்கே ஓடுகிறார் என்றும் வாயில் வந்ததெல்லாம் பிரெஞ்சுதான், அதுவும் பஸ் ஓட்டியின் பிரெஞ்சு. நான் பிரெஞ்சில் சொல்ல, அவள் தமிழில் கேட்டாள். முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ சொல்லிப் புன்னகைத்தார்கள்.

"அம்மாக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

"உனக்கு நாங்கள் சொல்லேல்லையோ? நீ அதுக்குள்ளைதானே வளர்ந்தனி."

"இல்லை. அப்பா பந்து பிடிச்ச கதை மட்டும் தெரியும். அம்மான்ரை கதை தெரியாது."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எத்தனையோ விருந்தில் இவர் அந்தப் பந்தைப் பிடித்திருக்கிறார். நான் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் அதை ஒரு கதை என்று நினைக்கவில்லை.

லேசாகத் தூறத் தொடங்கியது. ஆட்டம் நிற்கவில்லை. ஆரணி பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, என் பக்கமாக நகர்ந்து, எனக்கு மேலேயும் பிடித்தாள். கீழே இவர் நனைந்துகொண்டு மருமகனுக்கு ஏதோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு மே மாதம்" என்று நான் தமிழில் தொடங்கினேன். "மேல்வீட்டு அம்மா ஒராள் என்ரை கழுத்திலை ஒரு ஏப்ரனை மாட்டி, தெருவாலை இழுத்துக்கொண்டு போனா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"பேந்து?" என்றாள்.